திருப்பிக் கொடுத்த வீடு

அரசாங்கத்திடம் எதுவும் வாங்காதவர் என்று விருத்தாசலம் பக்கத்தில் யாரும் கிடையாது. ரேஷன் அரிசி வேண்டாம் என்றவர் மானிய மின்சாரம் வாங்கியிருப்பார். அதுவும் வேண்டாம் என்றவர், வாங்கினவர்களைத் திட்டுவதற்காகவே தினமும் காலையில் பாலக்கரை டீக்கடைக்கு வந்துவிடுவார். ஆனால் கொடுத்ததையெல்லாம் கைநீட்டி வாங்கி, அதில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள் இந்த வட்டாரத்தில் ஒருத்திதான். அமுதவள்ளி என்று பெயர். வயது நாற்பத்தாறு. பீங்கான் கம்பெனியில் வேலை. டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் கிராமத்தில் ஒரு கூரை வீடு.

வேலையைச் சொன்னால் ஆளைப் பாதி சொன்ன மாதிரி. அன்புச்செல்வன் என்பவரின் கம்பெனியில் பிள்ளையார், குதிரை, பூஜாடி என்று பொம்மைகள் வார்க்கிறார்கள். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரிப்பார்கள். பிரித்தெடுத்த பிள்ளையாரின் இரண்டு விலாவிலும் ஒரு வரி ஓடும்; அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. அந்த வரியைக் கத்தியால் சீவி, நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து, அவர் ஒரே துண்டாகத்தான் அவதரித்தார் என்று பார்ப்பவர் நம்பும்படி செய்வது அமுதவள்ளியின் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறாள். மண் தூசு படிந்து படிந்து, பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்தால் கண் தானாகக் கலங்கிவிடும். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். அரசாங்கம் அந்தக் கண்ணுக்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு நலத்திட்ட விழாவில்தான் அது தொடங்கியது. இறந்துபோன கணவன் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்க மனு கொடுக்க வந்த அமுதவள்ளி, கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்தாள். மேடையில் ஐந்து நாற்காலி போட்டு, நான்கில் பயனாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வர வேண்டியவள். அவள் ஏறிய தனியார் பஸ் வழியில் எங்கோ நின்றுவிட்டது. பெரிய அதிகாரியோ வந்து இறங்கிவிட்டார். பயனாளிகளை வரிசையாக உட்காரவைக்கும் பொறுப்பில் இருந்த அலுவலக உதவியாளர் சுப்புராயன் மேடையை விட்டு இறங்கி ஓடி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். துவைத்த புடவையும், எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக நின்ற அமுதவள்ளி கண்ணில் பட்டாள். ஒரு நிமிஷம் வந்து உட்காரும்மா, போட்டோ எடுத்ததும் இறங்கிவிடலாம் என்று அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டார்.

அன்றைக்குக் கொடுத்தது தையல் மெஷின். அமுதவள்ளி அதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்தது, கண் கலங்கியது. யாரோ மைக்கை நீட்டினார்கள். எங்களை மாதிரி ஏழைகளுக்கு இது பெரிய உதவிங்க, எங்க குடும்பமே மறக்காது என்று திக்காமல் திணறாமல் இரண்டே வரி பேசினாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் மற்ற நான்கு பேரை விட்டுவிட்டு இவள் படத்தைத்தான் போட்டார்கள். தையல் மெஷின் முறையாக ஸ்ரீமுஷ்ணத்துக்காரியிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சுப்புராயன் மட்டும் பயனாளி என்ற உத்தியோகத்துக்குத் தகுந்த ஆளைக் கண்டுகொண்டார்.

அசல் பயனாளிகளால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிழவர் நன்றி சொல்லச் சொன்னால், இதை வாங்க நடையாய் நடந்த கதையை மைக்கில் பேர் விவரத்தோடு சொன்னார். ஒருத்தி சக்கர நாற்காலியை வாங்கிக்கொண்டு, இதை உருட்ட எங்கள் தெருவில் ரோடு எங்கே என்று கேட்டாள். இன்னொருத்தர் மேடை ஏறியதும் மயக்கம் போட்டு விழுந்தார். அமுதவள்ளியிடம் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கூப்பிட்டால் வருவாள், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பாள், இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டாள். கண் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

அப்புறமென்ன, அவளைத் தேடித் தேடிக் கொடுத்தார்கள். காஸ் அடுப்பு வாங்கினாள். கிரைண்டர் வாங்கினாள். ஆடு நான்கு வருடம் தொடர்ந்து வாங்கினாள். நான்கு வருடமும் ஒரே ஆடு. பெண்ணாடத்தில் ஒரு கரும்பு விவசாயியிடம் விழாவுக்கென்று கேட்டு வாங்கி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கும் மேடைப் பழக்கம் வந்துவிட்டது, மாலையைத் தின்னாமல் நின்றது. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு வீடும் வாங்கினாள். வீடு என்றால் வீட்டின் சாவி. ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டிய சாவி. போட்டோ எடுத்து முடித்ததும் சுப்புராயன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இவளுக்கு என்ன கிடைத்தது என்றால், பிரியாணிப் பொட்டலம் கிடைத்தது. ஒரு நாள் தூசு தின்னாமல் இருக்கலாம். அதைவிட, அவளுக்கு அது பிடித்திருந்தது, இதை மறைப்பானேன். வருஷம் முழுக்கக் குனிந்து பொம்மை விலாவைத் துடைக்கிறவளை அரை நிமிஷம் நூறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கைதட்டினார்கள். யாருக்குத்தான் பிடிக்காது? சுப்புராயன் வேறு ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார், உன் பேர் மேலிடத்தில் தெரிந்த பேர், உனக்கென்று ஒன்று தேவைப்படும்போது முதல் ஆளாக உனக்குத்தான் என்று. அமுதவள்ளி அதை நம்பினாள்.

தேவை இந்த வருடம் ஆனி மாதத்தில் வந்தது. மகள் மதிவதனியைப் பெண்ணாடத்தில் கொடுத்திருந்தாள். மதிவதனி முழுகாமல் இருந்தாள், ஆறாவது மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஒன்பதாம் மாசம் வளைகாப்புப் போட்டுப் பெண்ணை அழைத்து வர வேண்டும், பிள்ளை பிறப்பது ஐப்பசி கடைசியில். ஐப்பசியில் இந்த ஜில்லாவில் மழையும் புயலும் எப்படி வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போன வருடப் புயலில் அமுதவள்ளி வீட்டுக் கூரையில் பாதி பறந்துபோய், அந்தப் பாதிக்கு நீலத் தார்ப்பாய்தான் கட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் கெட்ட மனுஷி இல்லை. ஆனால் நேரில் வந்து கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"பச்ச ஒடம்புக்காரியையும் கொழந்தையையும் இதுல எந்த மூலையில படுக்க வெப்பீங்க சம்மந்தி? வூடு ஒழுங்கு பண்ணுங்க, கூப்புட்டுக்குங்க. அதுவரைக்கும் அவ எங்ககூடவே இருக்கட்டும்."

நியாயமான கேள்வி. அதனால்தான் அது அமுதவள்ளியைச் சுட்டது. பெற்ற மகளின் தலைப்பிரசவத்தைச் சம்பந்தி வீட்டுக்கு விட்டுக்கொடுத்த தாய் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டு அவளால் நடமாட முடியாது. பேரை விடுங்கள், அவளுக்கு மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பட்டா நிலம் இருந்தது. வீடு கட்டிக்கொடுக்கும் திட்டமும் இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே துர்கா என்ற இளம் அதிகாரி புதிதாக வந்திருந்தார். மரியாதையாக நாற்காலியில் உட்காரச் சொல்லி, மனுவை முழுதாகப் படித்தார். இதெல்லாம் அந்த அலுவலகத்தில் நடக்கிற காரியங்கள் அல்ல என்பதால் அமுதவள்ளிக்கு நம்பிக்கை பிறந்தது. பிறகு துர்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஒருவரே இரண்டு தடவை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். பழைய விழாப் போட்டோக்களில் இருந்த முகங்களையெல்லாம் அதற்குள் போட்டிருந்தார்கள். துர்கா அமுதவள்ளியை ஒரு படம் எடுத்தார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு அமுதவள்ளியை வரிசையாகக் காட்டத் தொடங்கியது. தையல் மெஷினோடு ஒரு அமுதவள்ளி, அடுப்போடு ஒரு அமுதவள்ளி, ஆட்டோடு நான்கு அமுதவள்ளி, இன்னும் என்னென்னவோ சாமானோடு சில அமுதவள்ளி, கடைசியாகச் சாவியோடு ஒருத்தி.

துர்கா முகம் மாறிவிட்டது. பதினோரு தடவை வாங்கியிருக்கிறீர்கள், வீடும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, இதற்கு மேலும் கேட்கலாமா என்றார். அமுதவள்ளி, அதெல்லாம் அப்பவே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். திருப்பி வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா என்று துர்கா கேட்டார். அமுதவள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொடுத்ததற்கே ரசீது கிடையாது.

வெளியே வந்து சுப்புராயனைப் பிடித்தாள். உள்ளே வந்து நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள். சுப்புராயன் அவளைச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அதெல்லாம் போட்டோவுக்குன்னு நான் எழுதிக் குடுத்தா, அன்னிக்கு மேடையில நின்ன அத்தினி ஆபீசரும் மாட்டுவாங்க அமுதா. எனக்கு ரிட்டயர் ஆவ ஏழு மாசம் இருக்குது. என் வயித்துல அடிச்சிடாத."

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் உருப்படியாக ஒரு யோசனையும் சொன்னார். ஆவணி மாசம் கல்யாண மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு, சென்னையிலிருந்து பெரிய படிப்பாளிகள் வருகிறார்கள், மேலதிகாரிகளும் வருகிறார்கள். தொடக்கத்தில் ஒரு பயனாளி நன்றி சொல்ல வேண்டுமாம். நீ வந்து பேசு, அப்படியே வீட்டு விஷயத்தையும் காதில் போட்டுவிடு என்றார். அமுதவள்ளிக்கு வேறு வழி இல்லை.

கருத்தரங்கின் தலைப்பு: நலத்திட்டங்கள் எல்லோருக்குமா, தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமா. இதைப் பற்றி டெல்லியிலும் டிவியிலும் ராப்பகலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், விருத்தாசலம் மட்டும் பேசாமல் இருப்பது நன்றாக இல்லை என்றும் யாருக்கோ தோன்றியிருக்கிறது. சாப்பாட்டுச் செலவு அமுதவள்ளியின் முதலாளி அன்புச்செல்வனுடையது. அதனால் அவருக்குத் தலைமை உரை. இலவசம் கொடுத்துக் கொடுத்து வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கையேந்தும் பழக்கம் வந்துவிட்டது என்று இருபது நிமிடம் வருத்தப்பட்டார். அவருடைய புதுச் சூளைக்கு அரசாங்கம் பாதிச் செலவு கொடுத்திருந்தது. அதற்குப் பெயர் ஊக்கத்தொகை. அதை வாங்க அவர் கையை ஏந்தவில்லை, பேங்க் கணக்குக்கே வந்துவிட்டது.

அடுத்தது பேராசிரியர் பாலகிருஷ்ணன். தேவையில்லாதவர்களுக்குப் போகிற உதவி ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர் என்பது அவர் கட்சி. அதற்கு அத்தாட்சியாகத் திரையில் ஒரு படம் போட்டார். இந்த வட்டாரத்தில் ஒரே பெண் பதினோரு திட்டத்தில் பயன்பெற்றிருக்கிறார், நான்கு ஆடு வாங்கியிருக்கிறார், இன்றைக்கு அது முப்பது ஆடாவது ஆகியிருக்க வேண்டும், ஆனால் வருமானக் கணக்கில் ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை என்றார். தனிமனித உரிமையைக் காக்கும் பொருட்டு அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார். ஆனால் மேடைக்கென்று அமுதவள்ளியிடம் இருப்பதே ஒரு கிளிப்பச்சைப் புடவைதான். திரையில் பதினோரு படத்திலும் அதே புடவை. மேடையில் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் உடம்பிலும் அதே புடவை. மண்டபம் திரையைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது.

ஆய்வாளர் கயல்விழி எழுந்து மறுத்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் யார் தகுதி யார் தகுதியில்லை என்று சலிக்கிற வேலையே இல்லை, சல்லடைக்குச் செலவழிக்கிற காசில் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம் என்றார். அமுதவள்ளிக்கு அது சரியாகப் பட்டது. பாலகிருஷ்ணன் விடவில்லை. கயல்விழியும் விடவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் கிளிப்பச்சைப் புடவையைப் பற்றியே இருவரும் வாதாடினார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் புடவை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து, ஏம்மா, ஆடெல்லாம் எங்கே என்று கேட்க இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் நன்றி சொல்ல மைக் வந்தது. அமுதவள்ளி வழக்கமான இரண்டு வரியைத்தான் தயார் செய்து வைத்திருந்தாள். வாயில் வேறு வந்துவிட்டது.

"அது நாலு ஆடு இல்லீங்க. ஒரே ஆடுதாங்க நாலு தரம் வந்துச்சு. பெண்ணாடத்து ஆடு. போன தை மாசம் அது செத்தும் போச்சுங்க. எனக்கு இப்ப ஒரு வூடு வேணும், எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கிராமத்து மக்களுக்கே உரிய நகைச்சுவை உணர்வு என்று பாலகிருஷ்ணன் பாராட்டினார். கயல்விழி இறங்கி வந்து தோளை அணைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒரே ஆடு என்ற சொல்லைக் கட்டுரைத் தலைப்பாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். தலைப்பிரசவம் என்ற சொல் யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சுப்புராயன் அங்கிருந்து எப்போது மாயமானார் என்று தெரியவில்லை.

ஏறிய காது ஒன்று இருந்தது. துர்கா சாப்பிடப் போகாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் சொன்னதை நம்புகிறேன் என்றார். ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன முதல் அதிகாரி அவர்தான். ஆனால் நான் நம்பி ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் நம்ப வேண்டும் என்றார். பதிவில் ஏறிய வீட்டைக் கழிக்காமல் புது வீடு ஏற்ற முடியாது. கழிப்பதற்கு ஒரே ஒரு படிவம்தான் இருக்கிறது, ஒப்படைப்புப் படிவம். எனக்கு வழங்கப்பட்ட வீட்டை என் சொந்த விருப்பத்தின் பேரில் அரசிடம் திரும்ப ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த வாரமே புது மனுவை ஏற்றிவிடலாம்.

"வாங்காத வூட்ட எப்பிடி மேடம் திருப்பிக் குடுக்கறது?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

"வாங்கின மாதிரிதானம்மா இருக்குது. குடுத்த மாதிரியும் இருக்கட்டும். ரெண்டும் சேந்துட்டா சரியாப் போயிடும்."

துர்கா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அமுதவள்ளியும் யோசித்துப் பார்த்தாள். வாங்கும்போது வீடு இல்லை, கொடுக்கும்போது மட்டும் எதற்கு இருக்க வேண்டும்? கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் படிவம் மேலே போனது. அதுவரை அந்தப் படிவத்தில் ஒருத்தரும் கையெழுத்துப் போட்டதில்லையாம். மேலே இருந்தவர்கள் அதை வாங்கிப் படித்துப் பரவசமாகிவிட்டார்கள். வசதி உள்ளவர்கள் சலுகைகளை விட்டுக்கொடுங்கள் என்று நாடெங்கும் கெஞ்சிக்கொண்டிருக்கும் காலத்தில், பீங்கான் கம்பெனிக் கூலிக்காரி ஒருத்தி வந்த வீட்டையே திருப்பிக் கொடுக்கிறாள். கார் வைத்திருக்கிறவன் காஸ் மானியத்தை விடமாட்டேன் என்கிறான், இவளைப் பார்த்தாவது அவனுக்கு வெட்கம் வரட்டும் என்று ஒரு விழா ஏற்பாடு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. துர்கா பதறிப்போய் இது அந்த மாதிரி இல்லை என்று எழுதினார். எந்த மாதிரி என்று விளக்கம் கேட்டார்கள். விளக்கினால் சுப்புராயனில் தொடங்கி மேலே வரை போகும். விழா முடிந்ததும் பதிவு கழிந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அமுதவள்ளியிடம் சொன்னார்.

புரட்டாசியில் மதிவதனிக்கு வளைகாப்பு நடந்தது. அமுதவள்ளி பெண்ணாடத்துக்குப் போய் வளையல் அடுக்கிவிட்டு, மகளை விட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறி வந்தாள். இன்னும் இருபது நாளில் உத்தரவு வந்துவிடும், சுவர் எழும்பாவிட்டாலும் அதைக் காட்டி நாலு தகரத்தையாவது கடனாக வாங்கிப் போட்டுக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தாள். வளைகாப்பு முடிந்த நான்காம் நாள் விழா.

சுப்புராயன் ஸ்டோர் ரூமில் தேடிப் பழைய சாவியைக் கொண்டுவந்தார். ஒரு முனையை எலி கடித்திருந்தது. புதுத் தங்கக் காகிதம் ஒட்டிச் சமாளித்தார். அமுதவள்ளி அந்தச் சாவியை இரண்டு கையாலும் தூக்கிப் பெரிய அதிகாரியிடம் கொடுத்தாள். வாங்கினபோது நின்ற அதே பக்கம்தான் நின்றாள், சாவிதான் இந்தத் தடவை எதிர்ப்பக்கம் போனது. வெளிச்சம் அடித்தது, கண் கலங்கியது. ஒரு வீட்டைப் பிரிகிற தாயின் கண்ணீர் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் உருகினார். நாட்டுக்காக வீட்டை விட்டுக்கொடுத்த தாய் என்று அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயம் மட்டும் நிஜம். அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மறுவாரம் விருத்தாசலத்தில், பெண்ணாடத்தில், ஸ்ரீமுஷ்ணத்தில், பஸ் ஸ்டாண்டு தோறும் அவள் படத்தைப் போட்டுப் பிளெக்ஸ் வைத்தார்கள். இந்தத் தாயால் முடியும், உங்களால் முடியாதா என்று அதில் கேட்டிருந்தது.

கம்பெனியில் அன்புச்செல்வன் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்து மற்ற தொழிலாளிகளுக்குக் காட்டினார். இப்படி இருக்கணும் என்றார். அவருடைய ஊக்கத்தொகையின் இரண்டாம் தவணை அந்த வாரம்தான் வந்திருந்தது.

ஐப்பசி ஒன்றாம் தேதி புது மனுவின் முடிவு வந்தது. துர்கா அதை அமுதவள்ளியிடம் படித்துக் காட்டாமல் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மனுதாரர் வீட்டை மனமுவந்து துறந்தவர் ஆகையால், வீட்டுத் தேவை இல்லாதவர் எனக் கருதப்படுகிறார் என்று இருந்தது. துர்கா மூன்று தடவை மேலே பேசிப் பார்த்திருக்கிறார். தியாகம் செய்தவருக்குத் திரும்பவும் வீடு கொடுத்தால் தியாகம் பொய்யாகிவிடும், பிளெக்ஸ் வேறு வைத்தாகிவிட்டது என்று பதில் வந்ததாம். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார் துர்கா. நீங்க என்ன பண்ணுவீங்க மேடம் என்று சொல்லிவிட்டு அமுதவள்ளி எழுந்து வந்தாள். கோபம் வந்தது. யார்மேல் படுவது என்று தெரியாமல் அது அவள்மேலேயே பட்டது. பிரியாணிப் பொட்டலத்தை நினைத்தாள், கைதட்டலை நினைத்தாள், தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஈரமாக அடுக்கியிருந்த குதிரைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மதிவதனி போன் செய்தாள். செக்கப்புக்குப் போய்விட்டு வரும்போது பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டில் மாமியாரும் அவளும் பிளெக்ஸைப் பார்த்திருக்கிறார்கள். மாமியார் கிட்டப் போய் அதில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தாளாம்.

"எம்மா, வூடு இருந்துச்சாம்மா? எனக்குன்னு வரப்ப அத ஏம்மா திருப்பிக் குடுத்த?"

அமுதவள்ளி சொல்லத் தொடங்கினாள். தையல் மெஷினிலிருந்து தொடங்கினாள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரியின் பஸ், சுப்புராயன், அடுப்பு, ஆடு, அட்டைச் சாவி, கம்ப்யூட்டர், படிவம் என்று ஒன்றையும் விடவில்லை. வீடு என்று ஒன்று எப்போதும் இருந்ததே இல்லை என்றாள். எங்களை மாதிரி ஏழைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். குரல் தழுதழுத்தது. மகளிடம் பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, அத்தனையும் நடந்தது நடந்தபடியே சொன்னாள். அந்தப் பக்கம் மதிவதனி கடைசிவரை கேட்டாள்.

"என்கிட்டயும் மேடையில பேசுற மாதிரியே பேசுறியேம்மா," என்றாள். அத்தை கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம் என்று பதினெட்டு நாள் கழித்து மாப்பிள்ளை போனில் சொன்னார்.